பக்கத்தில் இருக்கிற செல்கள்

தட்டில் இருந்த புற்றுச் செல்கள் சாகவில்லை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைக் கசக்கிவிட்டு அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். கும்பல் கும்பலாக, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. ஒரு காட்டுக்கொடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைத்தான் அவற்றுக்குக் கொடுத்திருந்தாள். புற்றுச் செல் சர்க்கரையைக் கண்டபடி எரித்து வளர்வது. இந்தச் சாறு அந்த வழியை அடைத்துவிடும். முன்பு தனியாக வளர்த்தபோது அத்தனையும் சுருண்டு செத்தன. ஆய்வகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். இந்தத் தடவை, உடம்புக்குள் இருப்பதைப் போலவே இருக்கட்டும் என்று சுற்றிலும் சாதாரணச் செல்களையும் சேர்த்து வளர்த்தாள். காரியம் கெட்டது அங்கேதான். ஊட்டநீரைச் சோதித்ததில் தெரிந்தது: சாதாரணச் செல்கள் தங்களிடம் இருந்த வேறு தீனியை வெளியே விட, பக்கத்திலிருந்த புற்று அதைத் தின்று பிழைத்துக்கொண்டிருந்தது.

வருத்தப்படக்கூடத் தெம்பில்லை. கையுறையைக் கழற்றும்போது அத்தானின் போன் வந்தது.

"உன் அக்காவுக்கு இந்த வாரம் மருந்து ஏத்த மாட்டேன்னுட்டாரு டாக்டர். ஈரல் கெட்டுப்போயிருக்காம். நீ கொஞ்சம் வாம்மா."

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன எந்த லிஃப்டையும் ஓட வைக்காமல் வீடு திரும்பியதில்லை என்று பெயர் வாங்கியவர். அக்காவுக்குப் புற்று என்று தெரிந்ததிலிருந்து வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, அதே பிடிவாதத்தோடு வீட்டில் இருந்தார்.

அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததுமே கசப்பு வாடை மூக்கில் ஏறியது. அடுப்படியில் பெரிய பாத்திரத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வேரும் பட்டையுமாக மேடை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அவர் கண்ணில் படாமல் அவள் நேராக அக்காவின் அறைக்குப் போனாள்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது.

"என்ன எழவைக் குடிக்கிறே நீ?"

"உன் அத்தானைக் கேளு. எந்தச் செடின்னு எனக்கென்ன தெரியும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"உன் அத்தான் பக்கத்துலயே நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

"இதுனாலதான் ஈரல் கெட்டிருக்கும்க்கா. உனக்கு அறிவில்லையா? ஏன் குடிச்சே?"

அக்கா போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அடுப்படியில நிக்கிற நேரம்தான்டி அவர் அழாம இருக்காரு."

அதற்கு மேல் தங்கையால் திட்ட முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்காவே சொன்னாள்: "அவர்கிட்ட நீ சொல்லிடு சின்னவளே. எனக்கு வாய் வரலை."

அடுப்படியில் அத்தான் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். வாரப்படாத தலை, சட்டையில் பழுப்புக் கறை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா. நீ சொன்ன அந்தக் கொடி கிடைக்கலைம்மா. அதே மாதிரி வேலை செய்யும்னு ஒருத்தன் இதைக் கொடுத்தான். உன்கிட்ட இருக்கறதுல கொஞ்சம் கொடேன். ஈரலுக்கும் நல்லதுதானே?"

"அத்தான், இதை நிறுத்துங்க."

"எதை?"

"இந்தக் கஷாயத்தை. ஈரலைக் கெடுத்ததே இதுவாத்தான் இருக்கணும். என்னென்ன போட்டீங்கன்னு நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். இது நின்னு ஈரல் தேறினாத்தான் மருந்து ஏத்துவாங்க."

கரண்டி நின்றது. "உன் தட்டுல செத்துச்சுன்னு நீதானே சொன்னே?"

"தட்டுல செத்துச்சு. இன்னிக்குப் பக்கத்துல நல்ல செல்லையும் வச்சுப் பார்த்தேன். சாகலை."

"ஏன்?"

"பக்கத்துல இருக்கறது ஊட்டிவிடுது."

"நல்ல செல்லுதானே? அது எதுக்கு இந்தச் சனியனுக்கு ஊட்டுது?"

"அதுக்கு அதெல்லாம் தெரியாது அத்தான். பக்கத்துல இருக்கறதுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான்."

அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், தன்னைத்தான் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அடுப்பை அணைத்தார். கொதி அடங்கிய பிறகும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் அவளை இப்படிப் பண்ணிட்டேனா?"

"இப்ப நிறுத்தினா தேறும் அத்தான். பெரும்பாலும் தேறிடும்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்? சும்மா உட்கார்ந்து பார்த்துட்டே இருக்கணுமா?"

அவளுக்கு எங்காவது தலையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது. "அவளுக்குக் கால் வலிக்குதாம்," என்றாள்.

அக்கா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவர் கையைக் கழுவினார். வாடை போகவில்லையோ என்று முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சோப்புப் போட்டார். அறைக்குள் போய் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினார். பாதம் வீங்கிப் பளபளத்தது. இரும்பு நட்டுகளை முறுக்கிக் காய்த்துப்போன அந்தக் கைகள், எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியாமல், பாதத்தின் மேல் படாமலே நின்றன. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. வலது காலை மட்டும் மெல்ல நகர்த்தி அவர் மடியில் வைத்தாள்.