நாற்காலியில் பேரரசர்

ஓப்பியாவைப் பெண் கேட்டுப் போன தெத்தியஸுக்கு அவள் அப்பா சொன்ன பதில், "இருப்பா, வயிறு சரியில்ல" என்பதுதான். ஓஸ்தியாத் துறைமுகத்தில் எண்ணெய் மண்டி வைத்திருந்த ஓப்பியஸ், குளிர்காலம் முழுக்க இதையே சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். இந்த முறை தெத்தியஸ் விடவில்லை. பொதுக் கழிப்பறை வரை பின்னாலேயே போய், தடுப்பில்லாத கல் திண்ணையில் அவருக்குப் பக்கத்துத் துளையில் உட்கார்ந்துகொண்டான்.

எதிர்வரிசையில் கல்வீனஸ் இருந்தான். தேசத்துரோகிகளைக் காட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு. மாட்டியவர் சொத்தில் கால் பங்கு அவனுக்கு. பேரரசர் உருவம் பொறித்த காசைக் கழிப்பறைக்குள் கொண்டுவருவதும் துரோகம் என்று ஆன பிறகு, அவன் பெரும்பாலும் இங்கேதான் இருந்தான். அதனால் எல்லோரும் வாசலில் கொண்டைக்கடலை விற்பவளிடம் காசைக் கொடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

தெத்தியஸ் துரத்திய அவசரத்தில் ஓப்பியஸ் மறந்துவிட்டார். அவர் மடியிலிருந்து ஒரு வெண்கலக் காசு நழுவி, உருண்டு, நடுத்தரையில் படுத்தது. நிலநடுக்கத்தில் இடிந்த ஆசிய நகரங்களைப் பேரரசர் எடுத்துக் கட்டினாரே, அதற்காக அடித்த காசு. அதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலடியில் மணை, கையில் நீளமான கோல்.

"ஓப்பியண்ணே, ஒங்க மடியிலேருந்துதான விழுந்துச்சு?" என்றான் கல்வீனஸ், அன்பாக.

ஓப்பியஸின் மண்டி போகும், வீடு போகும், தலையும் போகலாம்.

"கல்வீனண்ணே," என்றான் தெத்தியஸ், "நீதிபதிகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"காசு கெடந்துச்சும்பேன்."

"எந்தக் காசுன்னு கேப்பாங்களே?"

"பேரரசர் படம் போட்ட காசு."

"படத்துல அவர் என்ன பண்றாரு?"

"உக்காந்திரு..."

கல்வீனஸ் நிறுத்தினான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். தன் கையில் இருந்த, துடைத்துக்கொள்வதற்கான கடற்பஞ்சு கட்டிய கோலைப் பார்த்தான்.

"சொல்லுங்கண்ணே. எங்க உக்காந்திருந்தாரு? யாருகூட?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"பாதி சொல்லிட்டீங்க. அதுவும் துரோகந்தான? நாங்க ரெண்டு பேரு கேட்டோம்."

கல்வீனஸ் கோலை வாய்க்காலில் போட்டான். வந்த வேலை முடிந்ததா என்றுகூடப் பார்க்காமல் வெளியேறினான்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் ஓப்பியஸ், "அந்தக் காச எடுப்பா" என்றார்.

"எடுத்தா என் கையில இருக்குமே, மாமா."

"மாமாவா? எடுக்காட்டி?"

"அடுத்த ஆள் வர்றவரைக்கும் இப்படியே இருக்கலாம். கல்யாணத்தப் பத்திப் பேசலாம். மே மாசம் வச்சுக்கலாமா?"

வாசலில் யாரோ கடலைக்காரியிடம் காசைக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"மே கல்யாணத்துக்கு ஆகாத மாசம்டா," என்றார் ஓப்பியஸ். "ஜூன்லயும் பாதிக்கு மேலதான் நல்ல நாள், அப்ப வை. எடுத்துத் தொலை."

தெத்தியஸ் எழுந்தான்.