கட்டி எடுத்த பிறகு

என் கணவர் ஜெபராஜின் கோபத்தை டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் வளர்ந்த கட்டியாம். அது நினைத்த நேரத்தில் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. படபடப்பு, வியர்வை, தலைவலி எல்லாம் அதனால்தான். கோபமும் அதனால் வந்திருக்கலாம் என்றார்.

எத்தனை காலமாக இருந்திருக்கும் என்று கேட்டேன். நாலைந்து வருஷம் இருக்கலாம், அதற்குமேல் இருக்காது என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ரசத்தில் உப்பு கூடிப்போனதற்காக முதல் அறை வாங்கியது மூன்றாம் மாதம். இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச காலமாகவே எதுவும் தோன்றுவதில்லை.

எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு ஆப்பிளோடு வந்தவர்கள் எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். இத்தனை நாள் சுவர் வழியாக எல்லாம் கேட்டவர்கள்தான். பாவம், மனுஷன் என்ன செய்வார், எல்லாம் அந்தக் கட்டி செய்த வேலை. அவரும் தலையாட்டினார். கை நீட்டியவர் தப்பித்துக்கொண்டார், கட்டி மாட்டிக்கொண்டது.

ஆள் சாதுவாகிவிட்டது உண்மைதான். "ஏட்டி" என்று கத்தியவர் "இன்பராணி" என்று கூப்பிட்டார். டீ போட்டுக் கொடுத்தார். நல்ல டீதான். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தேன்.

சனிக்கிழமை சொன்னார்: "நாளைக்கு சர்ச்ல சாட்சி சொல்லப் போறேன். நீயும் ரெண்டு வார்த்தை சொல்லணும். எல்லாம் கட்டியாலதான்னு ஒன் வாயால சொன்னாத்தான் ஜனங்க நம்புவாங்க."

"சரிங்க," என்றேன்.

கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது எங்கள் சபை வழக்கம். அவர் நன்றாகவே சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தார். பொய் சொல்லப் போகிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு வரவில்லை.

"எல்லாம் அந்தக் கட்டியாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அல்லேலூயா," என்று பக்கத்தில் நின்ற ஜெபராஜ் சந்தோஷத்தில் கையை உயர்த்தினார்.

நான் குனிந்துவிட்டேன். இரண்டு கைகளும் தாமாகவே தலையை மூடிக்கொண்டன. மைக் விழுந்து கிறீச்சிட்டது. நெஞ்சு தொண்டைக்கே வந்து அடித்தது. உள்ளங்கை நனைந்திருந்தது. எனக்கும் அதே சுரப்பி இருக்கிறது, அதைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

நிமிர்ந்தபோது போதகர் ஆமென் சொல்ல மறந்திருந்தார். ஜெபராஜ் கையை இறக்கவேயில்லை. பயமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது.

மைக்கை எடுத்தேன்.

"டாக்டர்ட்ட கேட்டேன்," என்றேன். "அந்தக் கட்டிக்கு நாலஞ்சு வயசுதானாம். நான் இருபத்திரண்டு வருஷமா அடி வாங்குறேன்."