மேல் டிவிசன் பஸ் ஸ்டாப்

மேல் டிவிசனுக்குப் பஸ் வருகிறது என்று உலகத்துக்குச் சொன்னவன் பிரதாப்தான். அவனுக்குப் பொல்பிட்டியவில் இரவுக் காவல் வேலை. கொட்டாவி விடுகிற நேரத்தில் போனில் வரைபடம் வரைவான். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வரைபடம் அது. ஊர் உலகமெல்லாம் அதில் இருந்தது. நோட்டன் பிரிட்ஜைத் தாண்டி மேலே ஏறினால், அவன் வீடு இருக்கிற தேயிலைத் தோட்டம் வெறும் பச்சை. தேயிலைக்கு நிறம் பூசியவர்கள் ஆட்களை மறந்துவிட்டார்களே என்று அவனுக்கு ஆத்திரம். ரோட்டை வரைந்து, பஸ் போகிற வழியை அதன்மேல் சிவப்புக் கோடாக இழுத்தான். தேயிலை ஆலை இருக்கிற ஸ்டோரடி, பிறகு கோயிலடி, கடைசியில் மேல் டிவிசன் என்று ஸ்டாப்புகளுக்குப் பெயர் வைத்தான். மேல் டிவிசனில் பலகையும் கிடையாது, கொட்டகையும் கிடையாது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து முனையில் ஆட்கள் நிற்பார்கள், பஸ் நிற்கும், அவ்வளவுதான்.

போன வருஷத்துப் பெருமழையில் ஸ்டோரடிக்கு மேலே ரோட்டு மதகு சரிந்தது. பஸ் ஸ்டோரடியோடு திரும்பிப் போக ஆரம்பித்தது. தோட்டத்து ஆட்களே கல்லும் மண்ணும் கொட்டி மதகைச் சரிபண்ணினார்கள். கொழுந்து லொறி மறுபடியும் ஏறியது. பஸ் மட்டும் ஏறவில்லை.

மாட்டிக்கொண்டது தங்கை தனுஷிகாவின் படிப்பு. டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே தனியாக ஸ்டோரடிக்கு இறங்க வேண்டும். பிரதாப் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அவள் போயிருப்பாள். கொழுந்து பறிக்கிற அம்மா ராசம்மாவோ காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. மதகடியில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிய அன்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"பஸ் வந்தா படிக்கட்டும். வராட்டி கொழும்புல அத்தை வேலை செய்யிற புடவைக் கடைக்குப் போகட்டும். எனக்குப் புள்ள உசிரோட வேணும், தம்பி."

அந்த வாரம்தான் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வரைபடத்தில் கேட்டிருந்தார்: இந்தப் பஸ் இன்னும் ஓடுகிறதா? தரையில் இருப்பதைத்தான் வரையலாம், ஆசைப்படுவதை வரையக் கூடாது என்பது அங்கே சட்டம். 'ஓடுகிறது' என்று பிரதாப் பதில் போட்டான். கோட்டை அழித்தால் பஸ் வரவே வராது என்று மனசுக்குள் ஒரு பைத்தியக்காரப் பயம்.

அடுத்த வாரம், மறுபடியும் பஸ் விடச் சொல்லிக் கேட்கத் தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஆபீசுக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொன்னார், சிங்களத்தில் அவனை மல்லி, அவளை நங்கி என்று தம்பி தங்கை முறை வைத்துப் பொறுமையாகக் கேட்டார், பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பிரதாப்பின் சிவப்புக் கோடு.

"மல்லி, பஸ் மேல வரைக்கும் போகுதே. போன வாரம்கூட ஓடுதுன்னு போட்டிருக்கு. மேலிடத்துல இதப் பாத்துத்தான் கையெழுத்து வைப்பாங்க."

"அது நான் வரைஞ்சது, சேர்."

"அப்ப பொய்யா வரைஞ்சீங்களா?"

"வரையும்போது உண்மைதான், சேர்." அவனுக்குக் காது சுட்டது. அங்கேயே போனை எடுத்து, ஸ்டோரடிக்கு மேலே இருந்த கோட்டை அழித்தான்.

அதிகாரி மறுபடியும் திறந்து பார்த்தார். "இப்ப ஸ்டோரடிக்கு மேல ரூட்டே இல்லையே."

"அதத்தான் சேர் நாங்களும் சொல்றோம்."

"நின்னுபோன பஸ்ஸுன்னா ஒரு கடிதத்துல முடிச்சிடலாம். இல்லாத ரூட்டுக்குப் புதுசா அனுமதி எடுக்கணும். ரோட்டை வந்து பாக்கணும், கொழும்புக்கு அனுப்பணும், ரெண்டு வருஷமாவது போகும்..." அவர் தனுஷிகாவின் வெள்ளைச் சீருடையைப் பார்த்தார். "நங்கி எப்ப சோதனை எழுதுறா?"

"வார வருஷம், சேர்," என்றாள் தனுஷிகா.

அவர் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோடு இருந்தால் பஸ் ஓடுகிறது, அழித்தால் ரூட்டே இல்லை; இதற்கு நடுவில் தன் தங்கையை எங்கே நிறுத்துவது என்று பிரதாப்புக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொழும்புக்குப் போகிற தனுஷிகாவின் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் தங்கையும் ஸ்டோரடிக்கு இறங்கினார்கள். அம்மா லயத்து வாசலோடு நின்றுகொண்டாள். பஸ் வருகிறவரை தனுஷிகா அவன் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கோட்ட எல்லாம் அழிச்சிட்டு நம்ம ஸ்டாப்ப மட்டும் விட்டு வச்சிருக்கீங்க."

"கெடக்கட்டும்."

"அழிச்சிடுங்க. யாராச்சும் நம்பி வந்து நின்னுகிட்டிருக்கப் போறாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். பஸ் வந்தது, அவள் ஏறினாள், சன்னலோரம் இடம் கிடைத்தது என்று கையைக் காட்டினாள். பஸ் திரும்பிக் கீழே இறங்கியது.

பிரதாப் மதகு வரைக்கும் நடந்து வந்து, கல்லில் உட்கார்ந்து போனைத் திறந்தான். மேல் டிவிசன் பஸ் ஸ்டாப் பச்சைக்கு நடுவில் ஒரு புள்ளியாகத் தனியே நின்றது. அதைத் தொட்டு, அழி என்றான். சும்மா அழித்துவிட முடியாது, காரணம் எழுத வேண்டும். 'பஸ் வருவதில்லை' என்று எழுதினான். அதை அழித்து வேறு எழுதி அனுப்பினான்.

'இங்கே ஏறுவதற்கு ஆள் இல்லை.'