ஒரு சேலைப் பாவு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்திருக்கும் அறைக்குள் போகப் பயந்துதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு தறிக்கூடம். அறைக்குள் அண்ணன் முத்துக்குமார் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுகிறான். நான் கூடத்தில் லேப்டாப்போடு இருக்கிறேன். கேட்டால் எழுதுகிறேன் என்பேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கமலவேணியின் கணையத்தில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு

(விட்டுவிட்டேன். அம்மாவின் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருந்தது.)

அடுத்து: முப்பத்தாறு வருடம் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து

(இது பரவாயில்லை.) எங்கள் ஊர்ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா சபாபதி நெய்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே தள்ளுவாள். அவள் படுத்த பிறகு அந்த இடத்தில் அண்ணன் உட்கார்கிறான்.

3

டாக்டர் எங்கள் மூவரிடமும் சொன்னது மூன்று மாதம். அம்மாவிடம் நாங்கள் சொன்னது அல்சர். அறிக்கைகளை அண்ணனின் பைக் பெட்டியில் ஒளித்துவைத்தோம். அப்பாகூடக் கண் சிமிட்டாமல் பொய் சொன்னார்.

பிறகு அவர் தறிக்குப் புதுப் பாவு, அதாவது நீளவாக்கில் பூட்டும் நூல், வாங்கி வந்தார். ஒரு பாவில் மூன்று சேலை நெய்வது வழக்கம். முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இவர் ஒரே ஒரு சேலைக்கு வாங்கி வந்தார். நடுவில் அம்மாவுக்கு ஏதாவது ஆகித் தறி நின்றுபோனால் முதலாளிக்குக் கொடுத்த வாக்குத் தவறுமே என்ற நேர்மை. வாயால் பொய் சொன்ன மனிதருக்குப் பாவில் பொய் சொல்ல வரவில்லை.

அம்மா படுத்தபடியே கதவு வழியாகப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒரு சேலைப் பாவா?"

"அதான் கெடச்சுது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து மூணுக்குக் கொறஞ்சு நீங்க வாங்கினு வந்ததே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டாக்டரு எத்தினி மாசம் சொன்னாரு?"

அப்பா பாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். [இந்த இடத்தை இன்னும் உருக்கமாக எழுதலாம். மனசு வரவில்லை.]

"அழுவாதீங்க. போயி மூணு சேலைக்கு மாத்திக்கினு வாங்க. நான் இருக்கசொல்ல ஆவறது ஆவட்டும். மீதிய நீங்க ரெண்டு பேரும் நெய்யமாட்டீங்களா?"

அவர் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

4

இங்கே எழுதுகிறவளுக்கு ஒரு சங்கடம். இப்படி ஒருத்தியைக் காட்டினால் நம்புவீர்களா? ஒரு குறையாவது வேண்டும். (கஞ்சியை யாரும் பார்க்காதபோது ஜன்னல் வழியே கொட்டுகிறாள். வலி வந்தால் அண்ணனைத் திட்டுகிறாள், கூடவே ஏகாம்பரநாதரையும்.) எழுதிப் பார்த்துவிட்டேன். அவள்மேல் எனக்கிருக்கும் மதிப்பு ஒரு இம்மியும் குறையவில்லை.

அண்ணனையும் சொல்ல வேண்டும். தறியிலிருந்து எழுந்து போய்ப் படுக்கைத் துணி மாற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு மறுபடி நாடாவைப் பிடிக்கிறான். முகம் ஒருநாளும் சுளித்ததில்லை. இவனை நான் பத்தாவது ஃபெயில் என்று கேலி செய்திருக்கிறேன்.

5

முடிவுகள்.

அ) மூன்றாவது சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கிறார்கள். அண்ணன் விரித்துப் பிடிக்க, அம்மா தொட்டுப் பார்க்கிறாள். (என் ஆசை.)

ஆ) இரண்டாவது சேலை பாதியில் தறி நிற்கிறது. அப்பா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். (டாக்டர் சொல்வது.)

இ) ஸ்கேன் அறிக்கை வேறு யாருடையதோ. அப்பாவும் அண்ணனும் சிரிக்கிறார்கள். (வெட்கம்தான். ஆனாலும் எழுதினேன்.)

மூன்றையும் ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். அவன் படித்துக்காட்டியது கூடத்தில் கேட்டது. முடித்ததும் அம்மா கேட்டாள்.

"மூணுலயும் இவ எங்கடா?"

நான் திரும்பப் படித்தேன். மூன்றிலும் அப்பாவோ அண்ணனோ இருந்தார்கள். நான் எதிலும் இல்லை.

"காயத்ரி, எழுதினது போதும். வாம்மா, வந்து தலை வாரிவுடு."

இரண்டாவது சேலையில் இன்றைக்கு வரை நாலு முழம் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போய்ச் சீப்பைத் தேட வேண்டும்.