ஒளித்து வைத்த படங்கள்

அக்காவின் கணினியில் இடம் நிரம்பிவிட்டதென்று தம்பி வந்து பார்த்தான். எல்லாக் கோப்புகளின் அளவையும் கூட்டிப் பார்த்தும் பாதி இடம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி அமைத்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா திட்டுவாளென்று முன்பொரு நாள் அவனே ஒளித்து வைத்த சினிமாப் படங்கள்.

“இடம் பத்தலன்னு பாப்பா நடை பழகின வீடியோவையெல்லாம் நேத்துதான்டா அழிச்சேன்,” என்றாள் அக்கா.

படங்களைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நல்ல பெயரோடு கிளம்பியிருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை.

“அக்கா, இடத்தை அடைச்சது நான்தான்.”

அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அது இன்னும் குத்தியது. அழிந்ததை மீட்கும் மென்பொருளோடு மாலைவரை மல்லுக்கட்டியதில் ஒரே ஒரு வீடியோ கிடைத்தது. அதில் பாப்பா இரண்டடி வைத்து விழுந்தாள். அக்கா சிரித்தாள். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.