ஆறுவதற்கு எட்டு மாதம்

கல்யாணமான பதினோராம் நாள் காலை புது மருமகள் உருகிய பாறையைக் கக்கினாள். அவள் போட்ட காபியைக் கொழுந்தன் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, “செடியே குடிக்க மாட்டேங்குது அண்ணி” என்றதுதான் காரணம். செக்கச்செவேலென்ற குழம்பு சமையலறைத் தரையில் இரண்டு முழம் ஓடி, பால் பொங்குகிற நேரத்துக்குள் கறுத்து இறுகியது. வெந்துபோன உதட்டுக்கு யாரும் மருந்து தேடவில்லை. கல் அறுக்கும் பட்டறையில் ரகம் பிரிக்கிற புருஷன், லென்ஸை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தான்.

“சட்டுனு ஆறிடுச்சும்மா. கல்லுக்குள்ள மணி கண்ணுக்கே தெரியல. ரோட்டுக்குப் போடற ரகம்.”

“முதல்ல இதைத் தரையிலேர்ந்து பேத்தெடுக்க வழியைச் சொல்லுடா” என்றாள் மாமியார்.

அடுத்த ஒரு வருஷம் அவன் அவளைக் குத்திக் குத்திப் பார்த்தான். கோபப்படுத்தினால் இரும்பு கலந்த கறுப்புக் கல். கக்கும்போதே தண்ணீரைக் கொட்டினால் விரலை அறுக்கிற கண்ணாடிக் கல். ஒதுங்கிப்போய் அழுத நாளில் மட்டும் வெளிர் நிறம் வந்தது. அதுவும் வெளியே ஆறியதால் பொடி மணி. மண்ணுக்கடியில் நெடுநாள் கிடந்து ஆறினால்தான் மணி பருக்கும் என்பது பட்டறையைப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். ஆக, பெரிய துக்கம் ஒன்று வேண்டும். அதை அவள் வெளியே விடவும் கூடாது. நல்லவேளையாக அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

“ஒரே ஒரு நாள்ங்க. அம்மா முகத்தைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்.”

“சமையல் மேடை போட்டு முடிச்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்” என்றான். மேடைக்குக் கல்லே வாங்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஊரிலிருந்து தம்பி போட்ட போன்களைக் கொழுந்தன் எடுத்து, “அண்ணி குளிக்கறாங்க” என்றான். நாலு மாதம் அவள் குளித்துக்கொண்டே இருந்தாள். அம்மா செத்துப் பதினெட்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிடவைத்துப் புருஷன் விஷயத்தைச் சொன்னான். அவள் வாய் திறந்தது. பட்டறையின் தோல் கையுறையோடு அதைப் பொத்தினான்.

“முழுங்கு. முழுங்கினாத்தான் ஊருக்கு.”

அம்மாவின் புடவை ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தாள். முழுங்கினாள்.

ஆற எட்டு மாதம் பிடித்தது. காற்றுப்பட்டால் மணி சிறுத்துவிடும் என்று பின்னறை ஜன்னலை அடைத்து, மூன்று கம்பளி போர்த்திக் கிடத்தினார்கள். முதலில் பாதம் கல்லானது, பிறகு இடுப்பு. பேச்சு நின்ற அன்று மாமியார், “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்றாள். அறுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பும் வெள்ளையும் நெல் மணி பருமனுக்கு, இடையிடையே கறுப்பு மினுமினுப்பு. புருஷன் தேம்பித் தேம்பி அழுதான். அப்படியொரு ரகத்தை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

தம்பி தேடிக்கொண்டு வந்தான். “அக்கா எங்க மாமா?” மேடையைக் காட்டினார்கள். தடவிப் பார்த்தான், வெதுவெதுப்பாக இருந்தது. “அம்மா வீட்டுக்குப் போகணும்னு உசிரை விட்டாப்பா” என்று மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டியெடுத்த துண்டைக் கொடுத்தனுப்பினாள். நெஞ்சுப் பகுதி, நல்ல கனம். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். வீட்டில் தம்பி பெண்டாட்டி அதைக் குழாயடியில் துவைக்கிற கல்லாகப் போட்டாள். எவ்வளவு அடித்தும் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை; குளிர் நாளில் கைக்கும் இதமாக இருக்கிறதாம்.