சகலை உட்கார ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் ஒரு ஆடும் நாற்காலி செஞ்சார். அதை நீங்க எழுதணும். ஆனா அவரை ரொம்ப நல்லவரா காட்டிடாதீங்க, அப்புறம் வீட்ல என்னால சமாளிக்க முடியாது" என்றார்.

எழுதினேன்: மழையில் நனைந்த ஒரு மரம், தான் நாற்காலியாகப் போவதை அறியாமல்—

(வேண்டாம். அது கடையில் வாங்கிய பலகை.)

2

டிரைவருக்குப் பொழுதுபோக்கு தச்சு வேலை. மூன்று வருடங்களுக்கு முன் அவர் செய்த முதல் ஸ்டூலில், ஒரு குடும்ப விருந்தன்று, அவருடைய சகலை உட்கார்ந்தார். மனைவியின் தங்கை கணவர், தலைமையாசிரியர். உட்கார்ந்ததும் ஸ்டூலின் கால் கழன்றது. விழுந்தவர் தரையில் இருந்தபடியே சொன்னார்:

"ஸ்டூலும் நீங்களே செய்றீங்க, ஆம்புலன்சும் நீங்களே ஓட்டுறீங்க. நல்ல ஏற்பாடு சகலை."

இருபது பேர் சிரித்தார்கள். (எழுதும்போது நானும்.) டிரைவர் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. "முதல்ல அவர் பேசட்டும்" என்பது இரண்டு வீட்டிலும் ஒரே வசனம்.

3

போன வருடம் தலைமையாசிரியருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு எந்த நாற்காலியிலும் பத்து நிமிடம் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒருநாள் கொழுந்தியாள் டிரைவருக்குப் போன் செய்தாள்.

"அத்தான், மூணு வாரமா அவர் யாரையும் கிண்டல் பண்ணல. எனக்குப் பயமா இருக்கு."

டிரைவர் அன்று மாலையே பலகை வாங்கினார். (இங்கே அவர் மனம் இளகியதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கைப்பிரதியைப் படித்த டிரைவர் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'பலகை தள்ளுபடியில் கிடைத்தது' என்று எழுதியிருக்கிறார்.)

நேரில் போகாமல் அளவெடுக்க அவர் ஒரு வழி கண்டார். சகலையின் பழைய பேன்ட் ஒன்றை வரவழைத்து, அதை வைத்துக் காலும் இருக்கைப் பலகையும் அறுத்து முடித்தார். அப்போதுதான் கொழுந்தியாள் சொன்னாள்: "அந்த பேன்ட்டா? அதை இப்பப் போட்டா ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுல்ல நடக்கணும்!"

4

வேறு வழியில்லை. அளவு நாடாவோடு போய் நின்றார்.

"அவரை எழுந்து உட்காரச் சொல்லும்மா."

"உட்கார்றேன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவில் நின்ற கொழுந்தியாள், "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விட்டாள்.

குதிகாலிலிருந்து முழங்கால் வரை அளந்தார். இடுப்பு அகலம், தோள் உயரம். குறித்துக்கொள்ளத் தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதினார். பிறகு முதுகெலும்பு நெடுக ஒவ்வோர் இடமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தலைமையாசிரியர், "ஆ" என்றார். முதுகுச் சாய்மானம் எங்கே விலகி நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

(அந்த 'ஆ' பேச்சுக் கணக்கில் வருமா? வராது என்று இரு தரப்பும் என்னிடம் உறுதியாகச் சொல்லிவிட்டன.)

5

படாதபாடு படுத்தியது அடியில் வரும் இரண்டு வளைகால்கள்தான். மெல்லிய பட்டைகளைப் பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சில் இறுக்கிக் காயவைக்க வேண்டும். ஒரு வளைவு மற்றதைவிட நூலளவு கூடினாலும் நாற்காலி ஆடும்போது பக்கவாட்டில் திரும்பிவிடும். முதல் ஜோடி கதவைப் பார்த்துத் திரும்பியது. இரண்டாவது ஜோடி ஜன்னலை. "உங்களை மாதிரியே முகத்தைத் திருப்பிக்குது" என்றார் மனைவி. மூன்றாவது ஜோடி நேராக ஆடியது.

உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, ஒரு ஞாயிறு காலையில் கொண்டுபோய் வைத்தார். தலைமையாசிரியர் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை ஒரு பார்வை, டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் போனது. இருபது போனது. தலை சாய்ந்தது, தூங்கிவிட்டார். வழவழப்பான தரையில் நாற்காலி மெல்ல முன்னால் நகரத் தொடங்கியது. டிரைவர் எதிரே தரையில் உட்கார்ந்து, வளைகாலுக்கு முன்னால் தன் பாதத்தை முட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம்.

6

கண் விழித்ததும் தலைமையாசிரியர் என்ன சொன்னார்?

முடிவு அ: "சகலை, மன்னிச்சி—" (அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

முடிவு ஆ: "இதுக்கும் ஆம்புலன்ஸ் வெளியில நிக்குதா?" (நான் மிகவும் விரும்பும் முடிவு. "அப்படிச் சொல்லவே இல்ல" என்கிறார் தலைமையாசிரியர். "நான் தூங்கவும் இல்ல" என்றும் சேர்த்துக்கொள்கிறார்.)

டிரைவரைக் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றார். ஆகவே அந்த ஒரு வரியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், என்னால் ஆகாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: ஞாயிறுதோறும் டிரைவர், "திருகாணியெல்லாம் இறுக்கிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போகிறார், மத்தியானம்தான் திரும்புகிறார். அந்த நாற்காலி முழுக்கக் குடைந்து பொருத்தியது. திருகாணி ஒன்றுகூடக் கிடையாது.